ஒரகடத்தில் என் காலுக்கு வார்த்த உறை

இதை எழுத வேண்டும் என்று காகிதத்தை எடுப்பதும் மறுபடி மடித்து வைப்பதுமாகச் சில வருடங்கள் ஓடிவிட்டன. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். வாக்கியம் தப்பாகப் போனால் படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு பயம். வெட்டுப்பட்ட காலைப் பற்றி ஊரறிய எழுதுவதில் ஒரு கூச்சம். "நீங்கள் எழுதாவிட்டால் நான் சொல்லி எழுத வைப்பேன்" என்று என் மனைவி ருக்மணி போன வாரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெருமாளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு மலேசியாவில் சுங்கை பட்டாணி. அம்மாவும் அப்பாவும் பால்மரம் சீவினார்கள். நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஆக எங்கள் குடும்பம் தின்ற சோறெல்லாம் ரப்பர் போட்ட சோறு. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து, விரலில் தொடங்கிய புண் மேலே ஏறி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் கொடுத்தார்கள். அந்தக் காலுக்கும் மிச்சமிருக்கிற காலுக்கும் நடுவே ஓர் உறை போட வேண்டும். கடையில் கிடைத்த ஆயத்த அளவு எதுவும் எனக்குச் சரிப்படவில்லை. என் மிச்சக் கால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வேர்வையில் உறை வழுக்கும், உரசும், புண்ணாகும். மூன்றாம் முறை புண் வந்தபோது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இனி ஒரு தடவை இது திறந்தால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும்.

முழங்கால் போய்விட்டால் விழுந்து சேவிக்க முடியாது. டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. ருக்மணியிடம் மட்டும் சொன்னேன்.

அவளுடைய தூரத்து உறவுக்காரர் ஒருவர்தான் ஒரகடத்தில் ஒரு சிறிய பட்டறை இருப்பதாகவும், ஆளை நேரில் வைத்து அளவெடுத்து, அவரவர் காலுக்கென்றே சிலிக்கோன் ரப்பரில் உறை வார்ப்பதாகவும் சொன்னார். உடையவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே என்றதும் எனக்கு வேறு யோசனை இல்லை.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். முதல் நாளே ஒரு கூத்து. வேலை மாறுகிற நேரம் அது. கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி நின்றன. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். எங்கள் ஊர்த் தொழிற்சாலை வாசலிலும் கூட்டம் வரும், ஆனால் இப்படிச் சிரிப்புச் சத்தத்தோடு வந்து நான் பார்த்ததில்லை. அந்த நெரிசலில் ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏறினேன். நான் ஏறிவிட்டேன், வேர்வையில் உறை நழுவி என் கால் ஏறவில்லை. ஆட்டோ நகர்ந்துவிட்டது.

உள்ளே இருந்த ஓர் அம்மாள் ஓட்டுநரின் தோளைத் தட்டி, "அண்ணாத்த, நிறுத்து நிறுத்து. பெரிவரோட காலு ரோட்டுல நிக்குது" என்றாள்.

ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "காலு நிக்காம பின்ன இன்னா பண்ணும், நீ கம்முனு வா" என்றார். அப்புறம் கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார். ஏழுமலை என்று பேர். பின்னால் ஓடிப்போய், பேருந்துகளுக்கு நடுவே நின்றிருந்த என் காலைச் சட்டையால் துடைத்து எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "செருப்போட பத்திரமா கீது சார். யாரும் எடுத்துகினு பூடல" என்றார். ருக்மணி அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு நாங்கள் ஊர் திரும்பும் வரை ஏழுமலையைத் தவிர வேறு யார் வண்டியிலும் ஏறவில்லை.

சாப்பாடு விஷயம் சொல்ல வேண்டும். காலையில் இட்லிக்கு வடகறி என்று ஒன்று கொடுத்தார்கள். வடையைக் குழம்பில் உதிர்த்துப் போட்டது போல இருந்தது. எங்கள் ஊரில் பரோட்டா மாதிரிப் போடும் ரொட்டி சானாய்க்கு இது கிடைத்தால் பருப்புக் குழம்பை யாரும் தொட மாட்டார்கள். தேத்தண்ணீர் மட்டும் மருந்துக் குவளை அளவுதான். இரண்டு வாய்க்குள் தீர்ந்துவிடும். சீனி வேண்டாம் என்றால் கடைக்காரர் நம்பவே இல்லை. "கம்மியாவா, இல்லாமயாவா" என்று தினமும் கேட்டார். பக்கத்து பெஞ்சில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி தொலைபேசியில் அவர் மொழியில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் எனக்கு அர்த்தம் சொன்னார்: "அவங்க அம்மாவாண்ட பேசறான். சோறு, பருப்பு, மீனு எல்லாம் துன்னேன்னு சொல்றான். இங்க ஒரு பன்னுதான் துன்னுகினு கீறான்." சொல்லிவிட்டு அவரே போய் அந்த ஆளின் தட்டில் இரண்டு வடை வைத்தார்.

மறுநாள் ஒரகடம். பெரிய பெரிய கம்பெனி மதில்களுக்குப் பின்னால், ஒரு தகரக் கூரைக் கட்டடம் அந்தப் பட்டறை. உள்ளே நுழைந்தால் ஆஸ்பத்திரி போலச் சுத்தம். எஞ்சினியர் பிரபு கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. வார்க்கிற வேலை காமாட்சியுடையது. பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது வீட்டில் எல்லோரும் கம்பெனி வேலை. முன்பு வண்டிகளுக்குச் சிலிக்கோன் குழாய் செய்யும் இடத்தில் இருந்தவள், இங்கே வந்து சில மாதங்கள்தான்.

பிரபு என் மிச்சக் காலைச் சுற்றி ஒரு விளக்கைக் காட்டினார். கம்ப்யூட்டரில் என் கால் அப்படியே வந்து நின்றது, மேடு பள்ளம் எல்லாம். நானே அதை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அந்தப் படத்தை வைத்து ஒரு யந்திரம் பிளாஸ்டிக் இழையைச் சுற்றிச் சுற்றி அச்சு செய்யும் என்றார்.

"ஐயா, ரப்பர்னதும் மரத்துப் பால்னு நெனச்சிராதீய. இது மணல்ல இருந்து எடுக்கிற சிலிக்கான்ல செய்யுறது. முன்னால மாவு மாதிரி உருட்டி, மருந்து போட்டு வேக வெப்பாங்க. வாடை அடிக்கும். அந்த வாடை போக மறுபடி ரொம்ப நேரம் சுடணும். இப்ப வந்திருக்கது ரெண்டு திரவம். தேன் மாதிரி இருக்கும். ரெண்டையும் கலந்தா, அதுல துளியூண்டு பிளாட்டினம் இருக்கு, அது போய் கெட்டியாக்கிரும். வாடையும் கிடையாது, தோலையும் உறுத்தாது."

காமாட்சி நீலக் கையுறை மாட்டினாள். தொழில் புத்தி விடவில்லை, "எங்கள் ஊர்க் கையுறையா" என்று கேட்டேன். "அது இங்க ஆகாதுங்க ஐயா, சார் சொல்லிகிறாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை வார்ப்பு. வெள்ளிதோறும் அங்கே பூஜை உண்டு என்று கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. காமாட்சி வரும் வழியில் வாங்கிய பூப்பொட்டலத்தைப் பிரித்து, கலக்கும் யந்திரத்துக்கு மேலே இருந்த பெருமாள் படத்துக்குச் சரம் போட்டாள், யந்திரத்துக்கும் ஒரு முழம். என் பெயர், நட்சத்திரம் கேட்டு, சத்தமாகச் சொல்லிக் கற்பூரம் காட்டினாள். பிறகு என் காலைப் போலவே இருந்த அச்சின் மேல் மெல்லிய துணி உறையை இழுத்து மாட்டினாள். இந்தத் துணியும் சிலிக்கோனும் சேர்ந்துதான் உறை. நாங்கள் வெளியே வந்து உட்கார்ந்தோம். வார்த்ததை வெதுவெதுப்பான அடுப்பில் வைத்து மறுநாள் பிரிப்பார்கள்.

மறுநாள் பிரித்தார்கள். பளிங்கு மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் குழந்தையின் கன்னம். ஆனால் வாய்ப்பக்கம், தொடையை ஒட்டி வருகிற இடத்தில், வளையம் போட்டதுபோல் ஒரு சுற்று மட்டும் கெட்டியாகாமல் பிசுபிசுவென்று இருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது. அதைப் போட்டால் தோலோடு பிடித்து இழுக்கும். பிரபு முகம் சுருங்கிப் போனார். "அச்சுக்குப் பூசின பூச்சு சரியில்ல போலிருக்கு, வேற பூசி திங்கக்கிழமை வார்ப்போம்" என்றார்.

காமாட்சிக்கு வேறு எண்ணம். ருக்மணியைத் தனியே அழைத்து, "திஷ்டிம்மா. வெளியூருல இருந்து வந்து எறங்கிகிறீங்க, ரோட்டுல காலு வுழுந்து ஊரே பாத்துகீது. திங்கக்கெழம பெரிசா பூஜ போட்டுர்லாம்" என்றாள். நான் காதில் விழாததுபோல் இருந்தேன். ஆனால் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஞாயிறு முழுக்க அறையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்சக் காலில் ஏற்கனவே ஒரு சிவப்புத் திட்டு தெரிய ஆரம்பித்திருந்தது. ருக்மணி அதன்மேல் மருந்து தடவினாள்.

திங்கட்கிழமை இரண்டு பொட்டலம் பூ, எலுமிச்சம்பழம், யந்திரத்தைச் சுற்றிச் சாம்பிராணி. பிரபுவே கைகூப்பி நின்றார். செவ்வாய்க்கிழமை பிரித்தால் ஒரு வளையத்துக்கு இரண்டு வளையம் பிசுபிசுப்பு.

காமாட்சி உறையை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்று மதியம் பிரபு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே வார்த்தார். பூ இல்லை, கற்பூரம் இல்லை. புதன்கிழமை பிரித்தால் பிசுபிசுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனால் அவர் கட்டிய நூல் வழுக்கி, துணி நழுவி, உள்ளே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அந்த மடிப்பு கத்தி மாதிரி என் தோலை அறுக்கும். அதுவும் உதவாது.

அப்போதுதான் பிரபு அந்த வார்த்தையைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னார். "காமாட்சிக்கா, நாளைக்குப் பூவெல்லாம் வேண்டாம். பூஜை போட்ட ரெண்டு தடவயும் கெட்டுருக்கு. போடாத அன்னைக்குக் கெடல. சாம்பிராணியோ சந்தனமோ, எது படுதுன்னு தெரியல."

காமாட்சி அவர் பக்கம் திரும்பினாள். "சாமி கும்புட்டா கெட்டுப் பூடுமா சார்? இத்தினி வருசத்துல நான் இப்பிடி ஒரு பேச்சு கேட்டதில்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாங்கள் ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. அன்று மாலை ஏழுமலையின் வண்டியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் செய்த பூஜை. அதனால் கெட்டது என்று ஒருவர் சொல்கிறார், எனக்கு மறுத்துச் சொல்லப் படிப்பில்லை. ஏழுமலை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், இன்னிக்கி காலு கூடவே வந்துகீது, அப்பவும் மூஞ்சி தொங்குது" என்றார். ருக்மணிதான் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "சாமிக்கு அங்க வேற வேல இல்லியா, அந்தம்மா வார்க்கற டப்பாவ வந்து கலைக்கறதுக்கு" என்றார். அந்தப் பேச்சு எனக்கு மருந்துபோல் இருந்தது.

வியாழன் காலை ருக்மணி சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் தானே ஒரு பொட்டலம் மல்லிகை வாங்கினாள். "பூஜைக்கு இல்லை, அந்தப் பிள்ளை தலையில் வைக்க. வெறும் தலையோடு நிற்பாள்" என்றாள். நினைத்தபடியே காமாட்சி வெறும் தலையோடுதான் நின்றாள். பொட்டலத்தை நீட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. பூக்காரி சுற்றித் தந்த ரப்பர் பேண்டைக் கழற்றினாள், வழக்கம்போல் அதைக் கையில் மாட்டிக்கொண்டாள். மணிக்கட்டில் ஏற்கனவே நாலைந்து இருந்தன, சிவப்பும் பச்சையும், வளையலுக்குப் பதில் போட்டதுபோல. வேலை செய்யும் இடத்தில் வளையல் போடக்கூடாது அல்லவா. எங்கள் ஊரிலும் மார்க்கெட்டுக்குப் போய்வந்த பெண்கள் கையில் இதுதான் இருக்கும்.

பிரபு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, அந்தத் துணிய அச்சு மேல மாட்டிட்டு, வாய்ல எத வெச்சுக் கட்டுனீய?"

"நூலுதான் குட்த்தீங்க. ஐயா காலு மேடும் பள்ளமுமா கீது, நூலு வழுக்குது சார், நீங்களே பாத்தீங்க இல்ல. அதுக்குதான் இத்த போட்டேன்." கையைத் தூக்கிக் காட்டினாள். "கெட்டியா புட்ச்சிகிது. ரெண்டாவது தபா இன்னும் கெட்டியா இருக்கட்டும்னு ரெண்டு போட்டேன். ஊத்தனப்புறம் அடுப்புக்குப் போறதுக்கு முன்ன உருவிடுவேன்."

பிரபு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் பொறுமையாகச் சொன்னார். மரத்துப்பால் ரப்பரில் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் பட்டால் இந்தப் பிளாட்டினம் செத்துப்போகும். பட்ட இடம் மட்டும் கெட்டியாகாது. அதனால்தான் பால் ரப்பர்க் கையுறை கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்.

"பழைய கம்பேனில ரப்பர் பேண்டு போட்டுதான் கட்டுவோம், ஒண்ணியும் ஆனதில்ல" என்றாள் காமாட்சி.

"அங்க இருந்தது பழைய மருந்துக்கா, அதுக்குக் கந்தகம் பட்டா இந்த அளவு கெடாது. இது வேற. கையுறை கூடாதுன்னு சொன்னேன், ஏன் கூடாதுன்னு சொல்லல. சொல்லியிருந்தா நீங்களே பேண்டக் கழட்டி வெச்சிருப்பீய. என் தப்புதான்."

கந்தகம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் அதை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறார்கள், அந்த வாடையோடுதான் நான் வீட்டுக்குப் போவேன். இதைச் சொன்னதும் காமாட்சி, "அப்ப உங்க ஊரு ரப்பருதான் ஐயா உங்க காலுக்கு எதிரி. நானு நடுவுல மாட்டிகினேன்" என்றாள். பிரபுவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் மட்டும் சிரிக்காமல், "அப்ப சாமி மேல தப்பு இல்ல தானே சார்" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நான் சொன்னது தப்பு. பூ கையிலதான இருக்கு, போட்டுட்டு ஆரம்பிங்க" என்றார் அவர்.

அவள் கையிலிருந்த பேண்டுகளை எல்லாம் உருவி, வாசலுக்கு வெளியே ஒரு காலி டப்பாவில் போட்டாள். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினாள். பெருமாள் படத்துக்கு மல்லிகை வைத்தாள், மீதியைத் தலையில் வைத்து வலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டாள். துணி நழுவாமல் இருக்க என்ன செய்வது என்று பிரபு யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் அதே துணியில் மெலிதாக ஒரு கீற்று வெட்டி, அதாலேயே இறுக்கி முடிச்சுப் போட்டாள். துணியைத் துணி பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பிரிக்கும்போது நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். ருக்மணியின் கை என் தோளில் அழுந்தியதில் தெரிந்துகொண்டேன். வளையம் இல்லை, மடிப்பு இல்லை. காமாட்சியே அதை என் காலில் உருட்டி மாட்டினாள். ஈரத்துணி சுற்றியதுபோல் குளிர்ச்சியாக, மேடு பள்ளம் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்தது. எழுந்து நின்றேன். இரண்டு காலில் நிற்பதற்கும் ஒரு காலில் நின்று ஒன்றை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதத் தெரியவில்லை.

ஊர் திரும்புமுன் ஸ்ரீபெரும்புதூர் போனோம். செயற்கைக் காலோடு உள்ளே போகலாமா என்று எனக்கு எப்போதும் ஒரு தயக்கம். வாசலில் பூ விற்ற அம்மாள், "செருப்பத்தான் கழட்டணும், காலைக் கழட்டச் சொல்லிகிறாங்களா இன்னா, போ போ" என்றார். ஆதிகேசவப் பெருமாளையும் உடையவரையும் சேவித்துவிட்டு, கையில் ஊன்றுகட்டை இல்லாமல் பிராகாரத்தைச் சுற்றி வந்தோம். ஏழுமலையும் கூடவே வந்தார். நான் விழுந்தால் பிடிக்கத்தான் வருகிறார் என்று தெரியும், அவர் அதைச் சொல்லவில்லை, புளியோதரைக்கு வந்ததாகச் சொன்னார்.

சுற்றி முடித்ததும் வண்டியில் உட்கார வைத்து, ருக்மணி உறையைச் சுருட்டி இறக்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிச்சக் காலை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய சிவப்புத் திட்டு மங்கியிருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. "இறங்குங்கள்" என்றாள். "எதற்கு" என்றேன். "கொடிமரத்தில் இன்னும் விழவில்லையே நீங்கள்."

மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கொடிமரத்தின் முன் முழங்காலை மடித்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கல்தரை வெயிலில் சுட்டது. என் முழங்காலை ஊன்றி நானே எழுந்தேன்.

அதற்குப் பிறகு புண் வரவில்லை. உறை தேயும்போது பழைய அளவை வைத்துப் புதிதாக வார்த்து அனுப்புகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். என்னைப்போல் காலை இழந்தவர் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது இருந்தால் இதை அவரிடம் கொடுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். எங்கள் கோயிலில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பெரிய பூஜை செய்ததும் உறை தானாகக் கூடிவந்தது என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், பூஜையால்தான் கெட்டது என்று சொல்லித் திரிகிறார். இரண்டும் நடக்கவில்லை. கெடுத்தது ரப்பர் பேண்டு. சரி செய்தது காமாட்சி கட்டிய துணிக்கீற்று. பூ கெட்டபோதும் இருந்தது, சரியாக வந்தபோதும் இருந்தது. அவளுக்கு அந்தக் கீற்றை வெட்டத் தோன்றியது எங்கிருந்து என்று என்னைக் கேட்டால் எனக்கு ஒரு பதில் உண்டு, அதை நான் சந்நிதியில் சொல்லிவிட்டேன். நீங்கள் இதில் ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம், ஒன்றை எடுக்கவும் வேண்டாம்.